“சார் ஊர்ல இல்ல” என்று சொல்லச் சொன்னால் என்ன செய்வது? (வேலை இடம், மத்தேயு 5:37)

பனியன்ஊர்_கணக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பில் என்ட்ரி, பேங்க் வேலை எல்லாம் முன்பிருந்தே என்னுடையதுதான். போன மாதம் ஒரு அக்கா வேலையை விட்டு நின்றதால் பேமெண்ட் கேட்டு வரும் போன்களை எடுப்பதும் என் தலையில் விழுந்தது.

இங்கே சனிக்கிழமை வாரச் சம்பளம். அதனால் வியாழக்கிழமை மதியத்திலிருந்தே ஜாப் ஒர்க் (எங்களுக்குக் கூலிக்கு வேலை முடித்துக் கொடுப்பது) செய்கிறவர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். செக்கிங், அயர்னிங், காஜா பட்டன், எம்ப்ராய்டரி என்று எல்லாரும் சின்னச் சின்ன யூனிட்காரர்கள். ஓனர் கண்ணாடி ரூமுக்குள்தான் இருப்பார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தால் இல்லை என்று கையை ஆட்டுவார். “சார் சென்னை போயிருக்கார்ணா, திங்கட்கிழமை வந்துருவார்” என்று நான் சொல்ல வேண்டும். சில பேருக்கு “நெஃப்ட் போட்டாச்சு” (பேங்க் வழியாகப் பணம் அனுப்பியாச்சு) என்றே சொல்லச் சொல்கிறார். இதுவரை “கேட்டுச் சொல்றேண்ணா” என்று ஒப்பேற்றி வருகிறேன். “இப்படிப் பேசினா அவங்க விட மாட்டாங்க, தெளிவா சொல்லிப் பழகு” என்று போன வாரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அவரும் விசுவாசிதான். திங்கட்கிழமை காலை ஆபீஸில் ஜெபம் வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கும். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற வசனம் போட்ட காலண்டர் என் டேபிளுக்கு நேராகத் தொங்குகிறது. எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபேசியர் 6-இலும் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்லி நான் சொன்னால் அந்தப் பொய் யாருடையது? வீட்டு நிலைமையால் வேலையை உடனே விட முடியாது. கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

நெல்லைப்பெண்

சிஸ்டர், இதை ரொம்பப் பெரிசா எடுத்துக்காதீங்க. “சார் மீட்டிங்ல இருக்கார்”னா இப்ப பேச முடியாதுன்னு அர்த்தம்னு கேக்குறவங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தவங்க “சாப்பிட்டாச்சா”ன்னு கேட்டா, சாப்பிடாட்டியும் “ஆச்சு ஆச்சு”ங்கறோம். அதையெல்லாம் பொய்க்கணக்குல சேர்த்தா ஒரு நாள்கூட யாரும் வாய் திறக்க முடியாது.

தரங்கை_லுத்தரன்

அக்கா சொல்வதில் பாதி சரி. இரண்டு பக்கமும் அர்த்தம் தெரிந்த உபசார வார்த்தையில் யாரும் ஏமாறுவதில்லை. கடிதத்தில் “தங்கள் கீழ்ப்படிந்துள்ள” என்று எழுதினால் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு அதிகாரம் செய்வதும் இல்லை. ஆனால் “நெஃப்ட் போட்டாச்சு” அந்த வகையில் வராது. அதை நம்பி எதிர்முனையில் இருப்பவர் பேங்க் பேலன்ஸைத் திறந்து பார்ப்பார். கேட்கிறவர் நம்பி ஒரு காரியம் செய்வார் என்று தெரிந்தே சொன்னால் அது பொய்தான்.

லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் “பொய்ச்சாட்சி சொல்லாதே” என்ற கட்டளைக்கு (எங்கள் கணக்கில் எட்டாவது, சி.எஸ்.ஐ. கணக்கில் ஒன்பதாவது) கொடுக்கும் விளக்கம், பொய் சொல்லாதே என்பதோடு முடிவதில்லை. அயலானை விட்டுக்கொடுக்காமல் அவனுக்காகப் பேச வேண்டும், அவன் செய்வதை நல்ல விதமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீள்கிறது. போனில் கூப்பிடுகிற யூனிட்காரரும் நமக்கு அயலான்தான்.

குமரிமாந்தன்

எல்லாப் பொய்யும் ஒன்றல்ல. “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்” என்கிறார் வள்ளுவர். வேதத்திலும் ஆதாரம் இருக்கிறது. எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் உண்மையையா சொன்னார்கள்? “இதினிமித்தம் தேவன் மருத்துவச்சிகளுக்கு நன்மைசெய்தார்” என்றுதான் யாத்திராகமம் சொல்கிறது. எரிகோவில் ராகாப் இஸ்ரவேலின் வேவுகாரரை வீட்டின்மேல் சணல் தட்டைக்குள் மறைத்துவிட்டு, தேடி வந்தவர்களிடம் அவர்கள் போய்விட்டார்கள் என்றாள். அவள் பெயர் எபிரெயர் 11-இலும் இருக்கிறது, யாக்கோபு 2-இலும் இருக்கிறது. அந்தக் கம்பெனியை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. முதலாளிக்கு நெருக்கடி வந்திருக்கும் நேரத்தில் ஒரு வார்த்தை அவரைத் தாங்கிப் பிடிக்குமென்றால் சொல்லலாம் என்பதே என் கருத்து.

பாளை_ஓய்வுபெற்ற_ஆயர்

மகளே, உன் கேள்வி சிறியதல்ல. நிதானமாகக் கேட்டதால் நானும் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் ராகாபை எடுத்துக்கொள்வோம். சபை இதைப் பல நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறது. ஆதிச்சபையின் ஆசிரியரான அகுஸ்தீன் பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார், 395 வாக்கில் ஒன்றும் 420 வாக்கில் ஒன்றும். பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எதற்கும் அனுமதி இல்லை என்று முடித்தார். மருத்துவச்சிகளும் ராகாபும் நன்மை பெற்றது அவர்களுடைய இரக்கத்துக்காகவே தவிரப் பொய்க்காக அல்ல என்பது அவர் வாதம். தன் சொந்த ஊரான தகஸ்தேயில் முன்பு ஆயராயிருந்த பிர்முஸ் என்பவரைப் பற்றியும் அவர் எழுதுகிறார். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனைத் தேடி அரசனின் ஆட்கள் வந்தபோது, “என்னால் பொய்யும் சொல்ல முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது” என்றாராம் பிர்முஸ். சித்திரவதை செய்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அரசனே வியந்து அந்த மனிதனுக்கு மன்னிப்புக் கொடுத்தான். கிறிஸ்தவத்தில் எல்லாரும் அகுஸ்தீனோடு ஒத்துப்போகவில்லை. உயிர் போகும் நேரத்தில் சொல்லும் பொய்யைச் சிலர் கசப்பு மருந்துபோல அனுமதித்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இந்த இழையில் அதை முடிக்கவும் வேண்டாம்.

ஏனென்றால் குமரிமாந்தன் தம்பி காட்டும் உதாரணம் இங்கே பொருந்தாது. ராகாப் பொய் சொன்னது ராஜாவின் சேவகர்களிடம். காப்பாற்றியது தன் வீட்டில் ஒளிந்திருந்த இரண்டு உயிர்களை. இங்கே யாரிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள்? கூலி கேட்கிறவனிடம். காப்பாற்றப்படுவது யார்? கூலியைப் பிடித்து வைத்திருப்பவர். ராகாபின் கதையைத் தலைகீழாக நிறுத்தினால்தான் இது வரும்.

லேவியராகமம் 19-ஐ எடுத்துப் பார். 11-ஆம் வசனம், ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருங்கள் என்கிறது. இரண்டே வசனம் தள்ளி, “கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்று வருகிறது. யாக்கோபு 5-இல் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்பது 4-ஆம் வசனம். சத்தியம்பண்ணாதிருங்கள், உள்ளதை உள்ளதென்று சொல்லுங்கள் என்பது அதே அதிகாரத்தில் 12-ஆம் வசனம். பிரசங்க மேடையில் நாங்கள் இவற்றை இரண்டு தலைப்பாகப் பிரித்துவிட்டோம், பொய் ஒரு ஞாயிறு, கூலி இன்னொரு ஞாயிறு என்று. வேதம் பிரிக்கவில்லை. கூலியைப் பிடித்து வைக்கிறவனுக்குப் பொய் தேவைப்படுகிறது. கேட்டு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேறு என்ன வழி?

நீதிமொழிகள் 3:28-ஐயும் வாசி. “உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே.” உன் டேபிளுக்கு வருகிற போனைப் பற்றியே எழுதியதுபோல இருக்கிறது.

எபேசியர் 6:5 பற்றிக் கேட்டாய். அந்த வசனத்தை முழுதாகப் பார்த்தால் “கபடற்ற மனதோடும்” கீழ்ப்படியச் சொல்கிறது. கபடு பேசச் சொல்லும் கட்டளைக்குக் கபடற்ற மனதோடு எப்படிக் கீழ்ப்படிவது? சொல்லச் சொன்னவர் மேல் பெரிய பங்கு உண்டுதான், ஆனாலும் வாய் உன்னுடையது.

மறைக்கல்வி_டீச்சர்

ஆயர் ஐயா சொன்னதோடு கத்தோலிக்கப் பக்கத்திலிருந்தும் ஒன்று சேர்க்கிறேன். 1992-இல் வந்த மறைக்கல்வி ஏட்டில், உண்மையை அறிய உரிமை உள்ள ஒருவரைத் தவறாக நம்ப வைப்பதுதான் பொய் என்ற வரையறை இருந்தது (எண் 2483). 1997-இல் திருத்திய பதிப்பு வந்தபோது “உரிமை உள்ள” என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். கேட்பவருக்கு உரிமை இல்லை என்று நாமே தீர்மானித்துக்கொண்டு பொய் சொல்லும் வழி அதோடு அடைபட்டது. அதே சமயம், தெரிந்துகொள்ள உரிமை இல்லாதவரிடம் உண்மையை வெளிப்படுத்த யாருக்கும் கடமை இல்லை என்று எண் 2489 சொல்கிறது. பொய் சொல்லக் கூடாது, ஆனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதும் இல்லை. ரகசியம் காப்பதற்கும் பொய்க்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறதம்மா. உங்கள் கம்பெனி அக்கவுண்டில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கினிஅபிஷேகம்

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். இருளுக்கும் ஒளிக்கும் ஐக்கியம் ஏது? அந்த வேலையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். கர்த்தர் ஒரு கதவை அடைத்தால் ஏழு கதவைத் திறப்பார். விசுவாசத்தில் அடி எடுத்து வையுங்கள்.

நெல்லைப்பெண்

பிரதர், அவங்க முதல் பதிவுலயே வேலையை உடனே விட முடியாதுன்னு எழுதியிருக்காங்க. அடுத்த மாசம் கடன் தவணையை யார் கட்டுவா? அடுத்தவங்க வேலையை விடச் சொல்றது நமக்கு சுலபமா இருக்கு. நான் முதல்ல எழுதுனதுல கொஞ்சம் மாத்திக்கறேன், லுத்தரன் தம்பி சொன்ன வித்தியாசம் சரிதான். ஆனா இந்த அறிவுரை மட்டும் எனக்கு ஒப்பலை.

காஜாபட்டன்_யூனிட்

வணக்கமுங்க. நான் சர்ச்சுக்குப் போறவன் இல்லீங்க. எங்கூட்டுக்காரம்மாதான் போவாங்க, அவங்கதான் இந்தப் பக்கத்தைக் காட்டுனாங்க. படிச்சதும் எழுதாம இருக்க முடியலீங்க. நீங்க எல்லாரும் பேசிட்டு இருக்கற அந்தப் போனுக்கு இந்தப் பக்கம் இருக்கறவன் நானுங்க.

காஜா மிஷின் ரெண்டு, பட்டன் மிஷின் ரெண்டு வெச்சு ஓட்டறோம். நாலஞ்சு பொம்பளப்புள்ளைங்க வேலைக்கு வர்றாங்க. பீஸ் வரும், அடிச்சு டெலிவரி சலான் போட்டு அனுப்பிருவோம். ஷிப்மெண்ட் அவசரம்னா ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஆள வெச்சு அடிச்சுக் குடுத்திருக்கோமுங்க. அப்ப மட்டும் அவங்க போன் பண்ணுனா நாம எடுக்கோணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப்பேனுங்க. “போட்டாச்சுண்ணா, பேங்க்ல சர்வர் டவுன்”னு சொல்லும் அந்தப் புள்ள. பணம் போனதுக்கு பேங்க் தர்ற யூடிஆர் நம்பர் குடும்மான்னு கேட்டா “சார்கிட்ட இருக்குண்ணா”ன்னு வெச்சிரும். முன்னெல்லாம் பேங்க் லீவுன்னு சொல்லுவாங்க. இப்ப நெஃப்ட் ராத்திரி பகல் லீவு நாள் எல்லாம் ஓடுதுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு, அதனால சர்வர் டவுன். நான் அந்தப் பேச்சை நம்பி எங்க ஆளுங்ககிட்ட “நாளைக்கு மூணு மணிக்கு சம்பளம், கவலைப்படாதீங்க”ன்னு சொல்லிப்போடறேன். அதுல ஒரு அம்மா அவங்க புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டறேன்னு ஸ்கூல்ல சொல்லி வெச்சிருச்சு. சனிக்கிழமை மூணு மணிக்குப் பணம் வர்லீங்க. அந்தம்மா ஒண்ணும் பேசல, பையை எடுத்துட்டுப் போயிருச்சு. எனக்கு அது ஆபீஸ்ல இருந்து சொன்ன பொய், ஆனா அந்தம்மாவுக்கு நான் சொன்ன பொய். அந்தம்மா ஸ்கூல்ல சொன்னது அந்தம்மாவோட பொய்யாப் போச்சு. ஒருத்தர் வாயில ஆரம்பிச்சது, யாருமே பொய் சொல்லோணும்னு நெனைக்காமயே நாலு பேரைப் பொய்யனாக்கிப்போட்டுதுங்க.

பணம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டுமுங்க. எனக்குக் கோவம் வரும், ரெண்டு வார்த்தை பேசுவேன். ஆனா வேற வழி பாத்துக்குவேன். மச்சான்கிட்ட கைமாத்து வாங்குவேன், இன்னொரு பார்ட்டிகிட்ட முன்பணம் கேப்பேன். போட்டாச்சுன்னு சொல்லிட்டா அந்த வழியெல்லாம் அடைஞ்சு போகுதுங்க.

பாளை_ஓய்வுபெற்ற_ஆயர்

ஐயா, இத்தனை வருடம் நான் எபேசியர் 4:25-இல் பிரசங்கம் செய்திருக்கிறேன். “அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன், நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறோமே.” அவயவம் என்பதற்கு நீங்கள் கொடுத்ததைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை. பொய் சொல்லாதே என்பதற்குப் பவுல் கொடுக்கும் காரணம் நரகம் அல்ல, தண்டனை அல்ல. உன் வார்த்தையின் மேல்தான் இன்னொருவன் தன் வார்த்தையை நிறுத்துகிறான் என்பதே காரணம்.

சொந்தத்தொழில்

ஒரு முதலாளியின் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நான் ஈரோட்டில் சின்ன அளவில் தொழில் செய்கிறேன். எக்ஸ்போர்ட்டில் சரக்குப் போய்ப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். இடையில் பையர் (சரக்கை வாங்குகிறவன்) ஏதாவது குறை சொல்லிப் பணத்தைப் பிடிப்பான். “பணம் இல்லை” என்ற ஒரு வார்த்தை வெளியே போனால் நூல்காரன் கடன் நிறுத்துவான், டையிங்காரன் துணியைப் பிடித்து வைப்பான், ஒரே வாரத்தில் மார்க்கெட்டில் பேர் கெட்டுவிடும். வஞ்சிக்க நினைத்து யாரும் இந்தப் பொய்யைச் சொல்வதில்லை, பயத்தில் வருகிறது. இதைச் சரி என்று சொல்ல வரவில்லை. அந்த ஓனரை நீங்கள் எல்லாரும் கூலியைத் திருடுகிறவர் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். அவருக்கே பணம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

வரிஆலோசகர்

கேட்க வேண்டிய கேள்விதான். நீதிமொழி வசனத்திலும் “உன்னிடத்தில் பொருள் இருக்கையில்” என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் சட்டம் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது போதாதென்று 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை எந்த வருடம் கொடுக்கிறோமோ அந்த வருடத்துச் செலவாகத்தான் காட்ட முடியும்.

காஜாபட்டன் அண்ணா, உங்கள் யூனிட்டுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

தங்கச்சி, உங்கள் ஓனரிடம் வசனத்தோடு போவதைவிடப் பாக்கி லிஸ்டோடு போவது நல்லது. பெயர், பில் தேதி, எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு என்று எக்செலில் ஒரு பக்கம் எடுத்து நீட்டுங்கள். 45 நாள் தாண்டியதை மஞ்சளில் காட்டுங்கள். பல முதலாளிகள் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு போனாகத் தள்ளிவிட்டே பழகிவிடுகிறார்கள்.

குமரிமாந்தன்

காஜாபட்டன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் குறளைத் திரும்பப் பார்த்தேன். “புரைதீர்ந்த நன்மை” என்றால் குற்றமில்லாத நன்மை. ஒருவருக்கு நன்மையாகவும் அந்தம்மாவுக்குக் கேடாகவும் இருப்பது அந்தக் கணக்கில் வராது. ராகாப் விஷயத்தில் அகுஸ்தீனோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இந்தப் போன் விஷயத்தில் ஆயர் ஐயா சொன்னதே சரி.

தரங்கை_லுத்தரன்

ராகாப் பக்கம் நிற்கிறவர்களுக்காக ஒன்று. ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1943-இல் பெர்லினில் தேகல் சிறையில் இருந்தபோது, உண்மை பேசுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. அதில் ஒரு உதாரணம் உண்டு. உன் அப்பா குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறாராமே என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு பையனிடம் வாத்தியார் கேட்கிறார். உண்மைதான், ஆனால் பையன் இல்லை என்கிறான். அதைப் பொய் என்று சொல்லலாம், ஆனாலும் தப்பு அந்தக் கேள்வியைக் கேட்ட வாத்தியாருடையது, குடும்ப விஷயத்தில் நுழைய அவருக்கு உரிமை இல்லை என்கிறார் போன்ஹோஃபர். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அதே அளவுகோலை இங்கே வைத்தாலும் அண்ணன் கேட்பது அவருடைய சொந்தப் பணம். அவருக்குக் கேட்க முழு உரிமை உண்டு.

நெல்லைப்பெண்

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வேற ஒண்ணு தோணுது. ஆபீஸ் மட்டுமா? சர்ச் வாசல்ல யாராவது கஷ்டத்தைச் சொன்னா “ஜெபிச்சுக்கறேன்”னு உடனே சொல்லிடறோம். அவங்க ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, எனக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறாங்கன்னு தைரியமா இருப்பாங்க. நாம கார்ல ஏறும்போதே மறந்திருப்போம். அதுவும் நெஃப்ட் போட்டாச்சு மாதிரிதானே? எங்க மாமியார் யாராவது ஜெபிக்கச் சொன்னா அந்த இடத்துலயே கையைப் பிடிச்சு ரெண்டு வரி ஜெபிச்சிடுவாங்க. பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் சரி. எனக்கு அது கூச்சமா இருக்கும். ஏன் அப்படிச் செய்யறாங்கன்னு இப்பதான் புரியுது.

மறைக்கல்வி_டீச்சர்

“சத்தியமா”, “அம்மா மேல சத்தியமா”, “பைபிள் மேல சத்தியமா” என்று பிள்ளைகள் வகுப்பில் பேசும்போதெல்லாம் நான் கேட்பேன், அப்படியானால் சத்தியம் போடாமல் சொன்னதெல்லாம் என்ன கணக்கு என்று. ஆண்டவர் காலத்திலும் இதே நிலைதான். தேவாலயத்தின் மேல் சத்தியம் செய்தால் கட்டாது, தேவாலயத்தின் பொன்மேல் செய்தால் கட்டும் என்று தரம் பிரித்து வைத்திருந்ததை மத்தேயு 23-இல் அவர் கண்டிக்கிறார். வார்த்தையில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று வைத்துக்கொண்டால் அன்றாடம் பேசுவதெல்லாம் இரண்டாம் தரத்துக்குப் போய்விடும். அவர் அந்தத் தரப்பிரிவையே எடுத்துவிட்டார்.

தரங்கை_லுத்தரன்

டீச்சர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர். இங்கிலாந்தில் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்ய மாட்டோம் என்று சிறைக்குப் போனார்கள். 1696-இல் அவர்களுக்காகவே உறுதிமொழி மட்டும் சொன்னால் போதும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 1969-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டப்படி சாட்சிக்கூண்டில் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம். கடையிலும் குவேக்கர்கள் பேரம் பேசுவதில்லை. ஒரு விலையைச் சொல்லிவிட்டு, அதற்குக் குறைத்துக் கொடுக்கத் தயாராயிருப்பதே பொய் என்று ஒரே விலை வைத்தார்கள். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற மாட்டான் என்று ஜனம் அவர்கள் கடைக்குப் போனது. சொந்தத்தொழில் அண்ணன் மார்க்கெட்டில் பேர் கெடும் என்று சொன்னதற்கு இதையும் யோசிக்கலாம்.

சொந்தத்தொழில்

யோசிக்கிறேன். பேர் கெடும் என்று பயந்து நாங்கள் சொல்கிற பொய்யால்தான் உண்மையில் பேர் கெடுகிறது என்பதை மறுக்க முடியாது. காஜாபட்டன் அண்ணனைப்போல ஆட்கள் எங்கள் பின்னால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பாளை_ஓய்வுபெற்ற_ஆயர்

மகளே, இனி நீ செய்யக்கூடியதைப் பார்ப்போம். தானியேல் ராஜ போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்த மாட்டேன் என்று தீர்மானித்தபோது சண்டைக்குப் போகவில்லை, ஓடிப்போகவும் இல்லை. விசாரணைக்காரனிடம் “பத்துநாள்வரைக்கும் உமது அடியாரைச் சோதித்துப்பாரும்” என்று மாற்று வழி ஒன்றை வைத்தான். நீயும் போன் இல்லாத அமைதியான நேரமாகப் பார்த்து ஓனரிடம் தனியாகப் பேசு. மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே, என்ன சொல்வாய் என்பதையும் வைத்துப் பேசு. “சார் இப்போ பேச முடியாதுன்னு சொன்னார், பேமெண்ட் இன்னும் போகலை, எப்போன்னு கேட்டு இன்னிக்குள்ள சொல்றேன்.” இதில் பொய் இல்லை. அவருடைய வரவுசெலவையும் நீ வெளியே சொல்லவில்லை. ஒன்று மட்டும், “கேட்டுச் சொல்றேன்” என்று சொன்னால் கேட்டுச் சொல்ல வேண்டும். திரும்பக் கூப்பிடாவிட்டால் அதுவும் மற்றதோடு சேர்ந்துவிடும்.

அவர் விசுவாசி என்கிறாய். எபேசியர் 6:9 எஜமான்களுக்கு எழுதினது என்பதை அவருக்கு நினைப்பூட்ட உனக்கு உரிமை உண்டு. ஆனால் மத்தேயு 18-இன்படி முதலில் தனியே பேசு, திங்கட்கிழமை ஜெபத்தில் எல்லார் முன்னும் வேண்டாம். காலண்டரைக் கைகாட்டிப் பேசவும் வேண்டாம்.

பனியன்ஊர்_கணக்கு

எல்லாருக்கும் நன்றி. பேசிவிட்டேன். வரிஆலோசகர் அண்ணன் சொன்னபடி லிஸ்ட் எடுத்துக்கொண்டு போனேன். மொத்தத் தொகையைப் பார்த்ததும் சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கோபப்பட்டார், “உன்னை யார் இதை எடுக்கச் சொன்னது” என்றார். போட்டாச்சு என்று போடாததைச் சொல்ல என்னால் முடியாது சார், மற்றபடி கம்பெனி விஷயம் ஒன்றும் என் வாயிலிருந்து வெளியே போகாது என்றேன். “எனக்கே பையர் பணம் அனுப்பலைம்மா” என்றார். சொந்தத்தொழில் அண்ணா எழுதியது சரிதான்.

கடைசியில், ஊரில் இல்லை, போட்டாச்சு என்ற இரண்டையும் சொல்ல வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். சின்ன யூனிட்களுக்கு முதலில் கொடுக்கலாம் என்று கேட்டதற்கு “பார்க்கலாம்” என்றார். அதற்கு மேல் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. இந்த வாரம் அயர்னிங்காரருக்கும் செக்கிங்காரருக்கும் பாதித் தொகை போயிருக்கிறது. எம்ப்ராய்டரிக்காரரிடம் “இந்த வாரம் வராதுண்ணா” என்று சொன்னேன். நன்றாகத் திட்டினார். சமாதானமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது, கை நடுங்கியது.

காஜாபட்டன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. இந்த வாரம் வராது என்பதை எந்தக் கிழமைக்குள் சொன்னால் உங்களைப்போல உள்ளவர்களுக்கு உதவியாக இருக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னால் போதுமா?

காஜாபட்டன்_யூனிட்

வெள்ளிக்கிழமை பத்தாதுங்க தங்கச்சி. புதன்கிழமை ராத்திரிக்குள்ள தெரிஞ்சா வியாழன், வெள்ளி ரெண்டு நாள் கெடைக்கும், பொரட்டிக்கலாம். முழுசா வர்லீன்னாலும் எவ்வளவு வரும்னு சொன்னாப் போதும், ஆளுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கக் கணக்குப் போட்டுக்குவோம். போன் பண்ண சங்கடமா இருந்தா வாட்ஸப்ல ஒரு வரி போடுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நாங்க கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்போம், சொல்லிட்டீங்கன்னா கூப்பிட மாட்டோம்.

அப்பறம் வரிஆலோசகர் சார், உத்யம் பதிவு பண்ணலீங்க. ஆதார், பேன் ரெண்டும் இருக்குது. வேற என்ன வேணும்னு சொல்லுங்க, இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிப்போடறேன்.